பால்மர் ஏன் விண்டோஸோடு போக மாட்டேன் என்றான்?

கேள்வி (ஜூன் 8): 1982-ல் வந்த 'தி திங்' படத்தை நேற்றுதான் பார்த்தேன். ரத்தச் சோதனையோடு யார் மனிதன், யார் ஜந்து என்பது தீர்ந்துவிடுகிறதே? அதற்கப்புறம் படத்தில் என்ன பயம் இருக்கிறது? கடைசியில் சைல்ட்ஸ்தான் ஜந்து என்பதும் பச்சையாகத் தெரிகிறது. இதற்குப் போய் நாற்பது வருடமாக ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்?

ஜூன் 8, இரவு

படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவு வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன்.

சோதனையோடு தீர்ந்தது என்கிறீர்கள். ஜந்துவின் ரத்தமென்றால் சூடு பட்டதும் துள்ளும், அதுதான் சோதனை. கிளார்க்கின் ரத்தத்தில் சுடுகம்பியை வைக்கிறார்களே, அதை இன்னொரு முறை பாருங்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆக, கிளார்க் மனிதன். ஆனால் அந்த நேரத்தில் கிளார்க் தரையில் பிணமாகக் கிடக்கிறான். சற்று முன்புதான் கதாநாயகன் மக்ரெடி அவன் தலையில் சுட்டிருக்கிறான். கிளார்க் கத்தியோடு பாய்ந்தது உண்மை. ஆனால் மக்ரெடி கையில் டைனமைட்டை வைத்துக்கொண்டு எல்லாரையும் கட்டிப்போடச் சொன்னதால்தான் பாய்ந்தான். அவன் இடத்தில் யார் இருந்தாலும் பாய்ந்திருப்பார்கள். சோதனை முடிந்ததும் சைல்ட்ஸ் கேட்கிறான்: கிளார்க் மனிதன் என்றால் நீ கொலைகாரன்தானே? மக்ரெடியிடம் பதில் இல்லை. அடுத்தது பால்மர் என்கிறான், அவ்வளவுதான்.

படத்தின் கதாநாயகன் ஒரு அப்பாவியைக் கொன்றிருக்கிறான். அதைப் படமே ஆதாரத்தோடு காட்டிவிட்டு, நாம் மூச்சு விடுவதற்குள் அடுத்த ரத்தத்துக்குப் போய்விடுகிறது. எனக்குப் பயம் அங்கேதான். பால்மரின் முகம் பிளப்பதில் இல்லை.

ஜூன் 9, காலை

கதை மறந்தவர்களுக்காக. அண்டார்டிகாவில் 31-ஆம் எண் அமெரிக்க ஆய்வு முகாம். குளிர்காலம் தொடங்குகிறது. பன்னிரண்டு ஆண்கள். நார்வே முகாமின் ஹெலிகாப்டர் ஒன்று ஒரு நாயைத் துரத்திச் சுட்டுக்கொண்டே வருகிறது. நாய் பிழைத்துக்கொள்கிறது, துரத்தியவர்கள் சாகிறார்கள். பனிக்கடியில் புதைந்து கிடந்த வேற்றுக்கிரக உயிர் ஒன்று அந்த நாயின் உருவத்தில் முகாமுக்குள் நுழைந்துவிட்டது. எந்த உயிரைத் தொட்டாலும் அணு அணுவாக விழுங்கி அதுபோலவே ஆகிவிடும். நம்மூரில் சொல்லும் கூடு விட்டுக் கூடு பாய்வது இல்லை இது. அங்கே பழைய கூடாவது மிஞ்சும்.

நார்வேக்காரர் துப்பாக்கியோடு கத்திக்கொண்டே வருகிறாரே, அவர் சொல்வது முழுக்க உண்மை. அது நாயே இல்லை, தள்ளிப் போங்கள் என்றுதான் கத்துகிறார். அமெரிக்கர் யாருக்கும் நார்வே மொழி தெரியாது. முகாமின் தலைவர் கேரி ஜன்னல் வழியாகச் சுட்டு அவரை வீழ்த்துகிறார். நார்வே மொழி தெரிந்த ரசிகர்களுக்கு முதல் சில நிமிடங்களிலேயே மொத்த மர்மமும் அம்பலமாகியிருக்கும், பாவம்.

இதையும் கணக்கில் சேருங்கள். முகாமில் முதலில் சுட்டுக் கொல்லப்பட்டது, உண்மையைச் சொன்னவர்.

ஜூன் 9, இரவு

தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். நான் எழுத வந்ததே இதைத்தான்.

நடுவில் ஒரு காட்சி. ஆள் பிரித்து அனுப்புகிறார்கள். முகாமின் ரேடியோக்காரன் விண்டோஸோடு போகச் சொன்னதும் பால்மர் மறுக்கிறான். அவனோடு போக மாட்டேன், சைல்ட்ஸோடு போகிறேன் என்கிறான். விண்டோஸுக்கு ரோஷம் வந்துவிடுகிறது: உன்னோடு வர எனக்கு மட்டும் ஆசையா? மக்ரெடி எரிச்சலோடு இருவரையும் அடக்கி ஆளை மாற்றிவிடுகிறான்.

முதல் முறை பார்க்கும்போது இதில் ஒன்றுமே தெரியாது. பயந்த மனிதன் பேசும் பேச்சு. ஆனால் பால்மர் மனிதன் இல்லை என்று பிறகு தெரிகிறது. எந்த நேரத்தில் மாறினான் என்று படம் சொல்வதில்லை. ஆனால் அப்போதே மாறியிருந்தான் என்றால், அந்த ஜந்து மனிதக் கூட்டத்தைப் பற்றிக் கற்றுக்கொண்ட முதல் பாடம் என்ன தெரியுமா? நல்லவனாக நடிப்பது இல்லை. சந்தேகப்படுகிறவனாக நடிப்பது. "என்னை நம்புங்கள்" என்பவனை எல்லாரும் உற்றுப் பார்ப்பார்கள். "இவனை எப்படி நம்புவது?" என்பவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எல்லாருடைய கண்ணும் அவன் விரல் நீட்டிய பக்கம்தான் போகும்.

அப்புறம் நாரிஸின் தலை. நெஞ்சு வலியில் சாய்ந்த நாரிஸும் ஜந்துதான் என்று தெரிந்து அவன் உடலை எரிக்கிறார்கள். தலை மட்டும் உடலிலிருந்து கழன்று, சிலந்திக் கால் முளைத்து, மேஜைக்கு அடியிலிருந்து மெல்ல நடந்து வெளியேறப் பார்க்கிறது. மற்றவர்கள் எல்லாம் தீயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதைப் பார்த்து வாயைத் திறப்பது யார்? பால்மர். அச்சில் ஏற்றமுடியாத ஒரு வசைச்சொல்லோடு "விளையாடுறீங்களா" என்பதுபோல ஒன்று சொல்கிறான். எல்லாரும் திரும்புகிறார்கள், தலை எரிக்கப்படுகிறது. தன் சொந்த இனத்தையே காட்டிக்கொடுத்துவிட்டான்.

மக்ரெடிக்குச் சோதனை யோசனை வருவதும் இதைப் பார்த்துத்தான். ஒவ்வொரு துண்டும் தனி உயிர். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொன்றும் ஓடும். சூடுபட்டால் ரத்தம்கூட ஓடும். ஆக, அந்தச் சோதனை அளப்பது மனிதத்தன்மையை அல்ல. ஜந்துக்குள்ளேயே ஒருவரை ஒருவர் நம்பாத தன்மையை அளக்கிறது. ஒரு துளி ரத்தம் பேசாமல் சூட்டைப் பொறுத்துக்கொண்டிருந்தால் பால்மர் தப்பியிருப்பான்.

ஜூன் 10

ஒரு நண்பர் கேட்டார், மக்ரெடியை வில்லன் ஆக்குகிறீர்களா என்று. இல்லை. மக்ரெடியாக நடித்த கர்ட் ரஸ்ஸலின் அந்தத் தாடிக்கு நானும் அடிமைதான்.

ஆனால் அவன் அறிமுகக் காட்சியை நினைத்துப் பாருங்கள். தனியாக உட்கார்ந்து கணினியோடு சதுரங்கம் ஆடுகிறான். தோற்றுப்போகிறான். உடனே ஏமாற்றுக்காரி என்று திட்டிவிட்டுக் கையிலிருந்த விஸ்கியை இயந்திரத்துக்குள் ஊற்றுகிறான். பொறி பறக்கிறது. தோற்றால் எதிராளி ஏமாற்றினான் என்று முடிவுகட்டி எரித்துவிடுகிற ஆள். இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் முதலிலேயே சொல்லிவிட்டார், நாம்தான் கவனிக்கவில்லை.

(அந்தக் கணினியின் குரல்தான் படம் முழுக்கக் கேட்கும் குறிப்பிடத்தக்க ஒரே பெண் குரல். பேசியவர் ஏட்ரியன் பார்போ, அப்போது கார்ப்பென்டரின் மனைவி. அதையும் விஸ்கி ஊற்றிக் கொன்றாயிற்று.)

ஜூன் 12

முகாம் எரிந்து முடிந்ததும் பனியில் மிஞ்சுவது மக்ரெடியும் சைல்ட்ஸும் மட்டும்தான். அந்த சைல்ட்ஸ் ஜந்துதான் என்று மூன்று பேர் அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

மூச்சுப் புகை. கடைசிக் காட்சியில் மக்ரெடி வாயிலிருந்து புகை வருகிறது, சைல்ட்ஸுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது வாதம். வெளிச்சம் விழுகிற பக்கத்தைப் பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும். மீதிக்கு பென்னிங்ஸ் இருக்கிறான். பாதி மாறிய நிலையில் பனியில் உட்கார்ந்து அலறுகிறானே, அவனுக்கும்தான் புகை வருகிறது. ஜந்து மூச்சு விடும்.

கண்ணில் மினுக்கு. மனிதர் கண்ணில் ஒரு சிறு வெளிச்சம் படும்படி வைத்தேன் என்று ஒளிப்பதிவாளர் டீன் கண்டி பின்னாளில் பேசியதிலிருந்து கிளம்பிய கதை. ரத்தச் சோதனைக் காட்சிக்கு அது பொருந்தலாம். அதை வைத்துப் படம் முழுக்க ஆள் ஆளாகக் கண் பரிசோதனை நடத்துவது நமக்குப் பொழுது போகாததால்.

பாட்டிலில் இருப்பது பெட்ரோல். மக்ரெடி எரிகுண்டு செய்ய வைத்திருந்த பெட்ரோலைக் கொடுத்துச் சோதிக்கிறானாம், சைல்ட்ஸ் முகம் சுளிக்காமல் குடிக்கிறானாம். எனக்கு இதில் ஒரே ஒரு கேள்வி. நாரிஸின் பலவீனமான இதயத்தையே அப்படியே நகலெடுத்து நெஞ்சு வலியில் துடிக்கிற ஜந்துவுக்கு ஒரு நாக்கை ஒழுங்காக நகலெடுக்கத் தெரியாதா?

காது வளையம். 2011-ல் வந்த முன்கதைப் படத்தில் ஜந்துவால் உலோகத்தை உருவாக்க முடியாது, பல்லில் அடைத்த உலோகத்தைத் துப்பிவிடும் என்று ஒரு விதி வைத்தார்கள். சைல்ட்ஸ் காதில் வளையம் இருக்கிறது, ஆகவே மனிதன் என்கிறது எதிர்க்கட்சி. 29 வருடம் கழித்து வேறு ஆட்கள் போட்ட சட்டம் பழைய படத்தைக் கட்டுப்படுத்துமா? கழன்று விழுந்ததை எடுத்து மாட்டிக்கொள்ளக் கையும் இருக்கிறது அதற்கு.

என் கட்சி: இருவரும் மனிதர்களாக இருப்பதுதான் இருப்பதிலேயே கொடூரமான முடிவு. அப்படியென்றால் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். உலகம் பிழைத்தது. ஆனால் ஜெயித்த விஷயம் இருவருக்குமே தெரியாது. ஒருவர் கையை ஒருவர் கண்காணித்தபடியே விறைத்துச் சாவார்கள்.

ஜூன் 15

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இப்படி ஒரு உயிர் அறிவியல்படி சாத்தியமே இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். உருவம் மாறுவது சாத்தியமில்லைதான். ஆனால் ஒரு உயிர் இன்னொரு உயிரின் உடலுக்குள் புகுந்து, காவல்காரன் கண்ணில் படாமல் பெருகுவது? எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

அத்தை வீட்டு வாசலில் கிடக்கும் கருப்பனுக்குப் பின்பக்கத்தில் காலிஃபிளவர் மாதிரி ஒரு கட்டி வந்து ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. அடிபட்ட புண் என்று மஞ்சள் பூசிப் பார்த்தாள் அத்தை. கேட்கவில்லை. கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனோம். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது நாய்க்கு நாய் தொற்றும் புற்றுநோய் என்றார். கிருமியால் வருவதில்லை. புற்றுநோய் அணுவே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு இணைசேரும்போது குடியேறுகிறது. வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, முன்னங்கால் நரம்பில். மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தசை வெந்துவிடும் என்பதால் மருத்துவர் முதலில் சலைனை ஓடவிட்டுப் பார்ப்பார். அத்தை துண்டால் அதன் வாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவுதான்டா, அவ்வளவுதான்டா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கருப்பன் எங்களைப் பார்க்காது. சொட்டு விழும் குழாயையே பார்க்கும். கட்டி சுருங்கிச் சுருங்கி ஒரு நாள் இருந்த இடமே தெரியவில்லை.

அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். உலகமெங்கும் நாய்களிடம் காணப்படும் இந்தக் கட்டி எல்லாமே பல ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரே நாயின் அணுக்களிலிருந்து வந்தவை. எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதை 2006-ல் மரபணு ஆய்வு உறுதிசெய்தது. அந்த நாய் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதன் அணுக்கள் மட்டும் நாய் விட்டு நாய் தாவிச் சாகாமல் இருக்கின்றன. எதிர்ப்புச் சக்தி ஏன் பிடிப்பதில்லை? நம் உடலின் ஒவ்வொரு அணுவும் தன் மேற்புறத்தில் "நான் இந்த வீட்டு ஆள்" என்று காட்டும் புரதங்களை வைத்திருக்கும். இந்தக் கட்டி அந்தப் புரதங்களைப் பெருமளவு மறைத்துவிடுகிறது. அடையாள அட்டையே காட்டாத ஆளை எதை வைத்துப் பிடிப்பது?

டாஸ்மேனியப் பிசாசு என்கிற விலங்குக்கும் முகத்தில் வரும் இதே வகைத் தொற்றுப் புற்று உண்டு. முதலில் பார்த்தது 1996-ல். கடிப்பதால் பரவுகிறது.

ஜந்து நாய் உருவத்தில்தான் முகாமுக்குள் வந்தது என்பதை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூன் 15, பின்னிரவு

கருப்பன் எப்படி இருக்கிறது என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். மக்ரெடி எப்படி இருக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது. கறிக்கடைக்காரரோடு சேர்ந்துகொண்டு அத்தையை மதிப்பதில்லை.

ஜூன் 18

ஜூன் 9-ஆம் தேதிக் குறிப்பில் நான் சொன்னதற்கு நல்ல எதிர்வாதம் ஒன்று வந்திருக்கிறது. "அதிகமாகச் சந்தேகப்படுகிறவன்தான் ஜந்து என்றால், சைல்ட்ஸ் தொடக்கத்திலிருந்தே மக்ரெடியைக் குறைசொல்கிறானே? சோதனையில் அவன் மனிதன் என்றுதானே வந்தது? நாரிஸ் அமைதியான ஆள். அவன் ஜந்து."

சரியான கேள்வி. நாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். கேரி பதவியை விட்டு விலகும்போது நாரிஸிடம்தான் பொறுப்பைக் கொடுக்கச் சொல்கிறார். நாரிஸ் மறுத்துவிடுகிறான், என்னால் முடியாது என்கிறான். ஊரை விழுங்க வந்த ஜந்து, தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்த தலைமையை ஏன் வேண்டாம் என்கிறது? தலைவன் மேல் எல்லார் கண்ணும் இருக்கும் என்று கணக்குப் போட்டதா? அல்லது நாரிஸுக்கே தான் நாரிஸ் இல்லை என்பது தெரியாதா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை மறைக்கிறானே, அது நடிப்பாகவே தெரியவில்லை எனக்கு. நகல் அவ்வளவு கச்சிதம் என்றால் நினைவு, பயம், கூச்சம் எல்லாம் சேர்ந்துதான் நகலாகியிருக்கும்.

ஆகவே என் வாதத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். சந்தேகப் பேச்சு ஜந்துவின் அடையாளம் இல்லை. அந்த முகாமில் எல்லாரும் பேசும் ஒரே பேச்சு அதுவாகிவிட்டது. அதனால் பால்மர் அதற்குள் சுகமாக ஒளிந்துகொண்டான். சைல்ட்ஸ் பேசியதும் அதே பேச்சுதான், ஆனால் மனிதனாக. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

ரத்தச் சோதனைக் காட்சியில் யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கேரி, சைல்ட்ஸ், பால்மர் மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே சோஃபாவில் கட்டியிருக்கிறார்கள். மக்ரெடி குறியாக இருப்பது கேரி மேல், உன்னைக் கடைசியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். நாமும் கேரியையே பார்க்கிறோம். பால்மர் தொளதொளவென்று சும்மா உட்கார்ந்திருக்கிறான். பால்மரின் ரத்தம் துள்ளியதும் கேரியும் சைல்ட்ஸும் கட்டப்பட்ட நிலையிலேயே அவனிடமிருந்து நழுவப் பார்ப்பார்கள், முடியாது. சந்தேகத்துக்காகக் கட்டிய கயிறு ஜந்துவோடு சேர்த்துக் கட்டிவிட்டது.

விண்டோஸ் கையில் தீ எறியும் கருவி இருந்தும் விறைத்துப்போய் நிற்கிறான். யாரை நம்ப முடியாது என்று பால்மர் சொன்னானோ அவனையே பால்மர் கவ்விக் கொல்கிறான்.

ஜூன் 19

கேரி பிறகு அதே சோஃபாவிலிருந்து, குளிர்காலம் முழுக்க இதில் கட்டுண்டு கிடக்க விருப்பமில்லை என்று முதலில் மரியாதையாக ஆரம்பித்துக் கடைசியில் வெடிப்பாரே, படத்திலேயே நான் வாய்விட்டுச் சிரித்த இடம் அதுதான். கேரியாக நடித்தவர் டொனால்ட் மொஃபட். அவர் முகத்தில் ஒரு சின்ன அலுவலக மேலாளர் எப்போதும் உட்கார்ந்திருப்பார்.

ஜூன் 21

ஊரடங்குக் காலத்தில் சித்தப்பா பிள்ளைகளோடு போனில் 'அமாங் அஸ்' ஆடியது ஞாபகம் வந்தது. விண்கலத்தில் யார் வேடதாரி என்று ஓட்டுப் போட்டு வெளியே தள்ளும் விளையாட்டு. இந்தப் படத்திலிருந்து எடுத்த யோசனை என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதன் பாட்டன் 'மாஃபியா' என்ற பேச்சு விளையாட்டு, 1986-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் டிமித்ரி டேவிடோஃப் உருவாக்கியது.

எங்கள் ஆட்டத்தில் பெரியவன் ஒருத்தன் எடுத்த எடுப்பிலேயே "இவதான், இவதான்" என்று கத்துவான். எப்போதும் வெளியே போவது அவன் தங்கை. அவள் பேச மாட்டாள். பேசாததே குற்றம். வெளியே தள்ளிய பிறகு அவள் வேடதாரி இல்லை என்று திரையில் வரும். அவன் "சரி, அப்ப அவன்" என்று அடுத்த ஆளுக்குப் போய்விடுவான். ஒரு நாள் அவள் முதல் ஆளாகக் கத்த ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவளை யாரும் வெளியே தள்ளியதில்லை. மனிதக் குழந்தைதான் அவளும். பால்மர் கற்ற பாடத்தை அவளும் கற்றுக்கொண்டாள்.

ஜூன் 21, சற்று நேரத்தில்

மேலே எழுதியதைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னது: "இதுல என்ன புதுசு, மாரீசன் கதைதானே." யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. மாரீசன் பொன்மானாக மட்டுமா வந்தான்? சாகும்போது ராமன் குரலில் கூப்பிட்டான். அந்தக் குரலைக் கேட்டதும் சீதை சந்தேகப்பட்டது குரலை அல்ல, பக்கத்தில் நின்ற லட்சுமணனை. அவள் சொன்ன சொல் பொறுக்காமல் அவன் கிளம்பிப் போனான், ராவணனுக்கு வாசல் திறந்தது.

ஜூன் 24

பிளேர் பற்றி யாரும் பேசவில்லையே.

உயிரியல் ஆய்வாளர் பிளேர்தான் ஆபத்தின் அளவை முதலில் புரிந்துகொள்கிறார். கணினியில் கணக்குப் போடுகிறார். முகாமில் ஒருவராவது தொற்றியிருக்க வாய்ப்பு 75 சதவீதம். மக்கள் வாழும் பகுதியை இது எட்டிவிட்டால் முதல் தொடர்பிலிருந்து 27,000 மணி நேரத்தில் உலகம் முழுக்கக் காலி. வகுத்துப் பாருங்கள், 1,125 நாள், மூன்று வருடமும் ஒரு மாதமும். அந்தக் காலக் கணினித் திரையில் கட்டைப் புள்ளிகள் ஒன்றை ஒன்று விழுங்குவதைப் பார்த்தால் இன்று சிரிப்பு வரும். அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும், பிளேராக நடித்த வில்ஃபர்ட் பிரிம்லியின் முகத்தைப் பார்த்தால் வராது. அவர் ஒன்றும் பேசுவதில்லை, மேஜை இழுப்பறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து வைத்துக்கொள்கிறார்.

பிறகு ரேடியோவை உடைக்கிறார், ஹெலிகாப்டரை முடக்குகிறார், மிச்ச நாய்களைக் கொல்கிறார். பைத்தியம் என்று கொட்டகையில் பூட்டுகிறார்கள். ஆனால் அந்த முகாமில் உலகத்தைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள் அவர்தான்.

பூட்டிய பிறகு மக்ரெடியிடம் சொல்கிறார், யாரை நம்புவதென்று தெரியவில்லை என்று. கூடவே ஒன்று: "கிளார்க்கைக் கவனி. நன்றாகக் கவனி." கிளார்க் நாய்களைப் பார்த்துக்கொண்டவன், அந்த நார்வே நாயோடு அதிக நேரம் இருந்தவன். ஆகவே நியாயமான சந்தேகம். அந்தச் சந்தேகம் மக்ரெடி மனதில் விழுந்து, வளர்ந்து, கடைசியில் குண்டாகி வெளியே வந்தது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. பிளேரும் ஜந்துவாகிவிட்டார் என்று பின்னால் தெரிகிறது. ஆனால் அதைச் சொன்னபோது பிளேர் மனிதனா? மனிதன் என்றால், ஒரு நல்ல மனிதரின் நியாயமான எச்சரிக்கை ஒரு அப்பாவியைக் கொன்றது. ஜந்து என்றால், பால்மர் செய்ததை அவர் முன்பே செய்துவிட்டார். படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் எனக்கு இதில் ஒரு பக்கமும் சாயமுடியவில்லை. தொடக்கத்தில் நாய் ஒரு அறைக்குள் நுழையும்போது சுவரில் ஒரு ஆளின் நிழல் திரும்புமே, அதுபோலத்தான். அது யார் என்று நமக்குத் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக நடிகர்கள் யாரையும் நிறுத்தாமல் ஒரு சண்டைக் கலைஞரை நிறுத்திப் படம் பிடித்தார்கள்.

ஜூன் 26

நேற்றைக்குப் படத்தின் பிறந்தநாள். 1982 ஜூன் 25. 'பிளேட் ரன்னர்' வெளியானதும் அதே நாள்தான். இரண்டு வாரம் முன்னால் 'ஈ.டி.' வந்து, வேற்றுக்கிரகவாசி என்றால் கட்டிப்பிடித்து அழ வேண்டிய குழந்தை என்று அமெரிக்கா முழுக்க முடிவுசெய்திருந்தது. அந்த நேரத்தில் போய் இதை இறக்கினால்? ஒன்றரைக் கோடி டாலர் செலவு, வசூல் இரண்டு கோடிக்குள். விமர்சகர்கள் குப்பை என்று எழுதினார்கள். கார்ப்பென்டர் கையிலிருந்த அடுத்த பட வாய்ப்பும் போனது. எனியோ மோரிக்கோனியின் இசை, மோசமான இசைக்கான ராஸ்பெரி விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. இதயத்துடிப்பு மாதிரி இரண்டே இரண்டு தட்டு, அவ்வளவுதான் அந்தத் தொடக்க இசை. அதற்காகப் பயன்படாமல் போன சில பகுதிகள் 2015-ல் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்தில் ஒலித்தன. அந்தப் படத்தின் இசைக்கு அவருக்கு ஆஸ்கார். கர்ட் ரஸ்ஸல் அதிலும் பனியில் மாட்டிக்கொண்டு யாரையும் நம்பாமல்தான் இருந்தார்.

உருவங்களைச் செய்த ராப் பாட்டினுக்கு அப்போது 22 வயது. வாரத்துக்கு ஏழு நாளும் வேலை, தூக்கம் படப்பிடிப்புத் தளத்திலேயே. முடிவில் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. நாய்க்கூண்டு ஜந்துவை மட்டும் ஸ்டான் வின்ஸ்டன் செய்து கொடுத்தார். டாக்டர் காப்பரின் கைகள் நாரிஸின் வயிற்றுக்குள் போய்த் துண்டாகும் இடத்துக்குக் கையில்லாத ஒருவரைக் கொண்டுவந்து, டாக்டர் முகமூடி மாட்டி, பொய்க்கை பொருத்திப் பிடுங்கினார்கள். ரப்பர், ஜெல்லி, கம்பி. எரிந்துபோன நார்வே முகாமாக நாம் பார்ப்பதும் வேறில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கட்டிய அமெரிக்க முகாமைக் கடைசிக் காட்சிக்காகக் கொளுத்தினார்களே, அதன் மிச்சம்.

ஜூன் 30

கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு: ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1938-ல் புனைபெயரில் எழுதிய ஒரு குறுநாவல். 1951-ல் முதலில் படமாக்கியபோது உருவம் மாறும் விஷயத்தையே எடுத்துவிட்டு, உயரமான ஒரு தாவர மனிதனை நடக்கவிட்டார்கள். 1982 படத்துக்கு பில் லங்காஸ்டர் எழுதிய திரைக்கதைதான் மூலத்துக்குத் திரும்பிப் போனது. சுடுகம்பிச் சோதனை மூலத்திலேயே உண்டு. அதற்கு முன் இன்னொரு சோதனையும் உண்டு, அது என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு பேரின் ரத்தத்தை நாய்க்கு ஏற்றி, அதன் எதிர்ப்புச் சக்தியை வைத்து மனித ரத்தத்தைக் கண்டுபிடிப்பது திட்டம். கடைசியில் பார்த்தால் ரத்தம் கொடுத்த இருவரில் ஒருவரே ஜந்து. அளவுகோலே கெட்டுவிட்டது. இதைப் படத்தில் வைக்காமல், ரத்தப் பைகளை யாரோ முன்பே கிழித்துவிட்டார்கள் என்று மாற்றியிருக்கிறார்கள்.

பீட்டர் வாட்ஸ் 2010-ல் ஜந்துவின் பார்வையில் ஒரு சிறுகதை எழுதினார். அதன் கண்ணுக்கு நாம்தான் கோரம். ஒவ்வொருவரும் தனித்தனி உடம்பில் அடைபட்டு, ஒருவரோடு ஒருவர் கலக்க முடியாமல் கிடப்பதைப் பார்த்து அது இரக்கப்படுகிறது. ரத்தச் சோதனை பற்றி ஜூன் 9-ல் நான் எழுதியதோடு அந்தக் கதை முட்டும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள், எது சரி என்று எனக்கும் சொல்லுங்கள்.

ஜூலை 3

தென் துருவ முகாமில் கடைசி விமானம் கிளம்பியதும், குளிர்காலம் முழுக்கத் தங்கப்போகிறவர்கள் கூடி உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பது ஒரு வழக்கம். எட்டு மாதம் போல வெளியே யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. அதன் தொடக்கத்திலேயே இந்தப் படமா? என்ன மன தைரியம்!

இன்னொரு தற்செயல். இந்தியாவின் முதல் அண்டார்டிகா குழு, எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர், கோவாவிலிருந்து போய் அங்கே கால் வைத்தது 1982 ஜனவரி 9. இந்தப் படம் வந்த அதே வருடம். போன கப்பல் வாடகைக் கப்பல், 'போலார் சர்க்கிள்'. எந்த நாட்டுக் கப்பல் தெரியுமா? நார்வே.

ஜூலை 5

முடிவு பற்றிய கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், வேறொரு முடிவும் எடுத்து வைத்தார்கள். மக்ரெடியைக் காப்பாற்றிக் கொண்டுபோய், ரத்தம் சோதித்து, மனிதன் என்று உறுதிசெய்வது மாதிரி. ஸ்டூடியோ கேட்டால் கையில் இருக்கட்டும் என்று படத்தொகுப்பாளர் சொல்லிப் பிடித்த காட்சி. படத்தில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் கிளார்க்கைச் சுட்டதற்கும் ஒரு நற்சான்றிதழ் கிடைத்த மாதிரி ஆகியிருக்கும். சைல்ட்ஸுக்கு அதுவும் கிடைக்காது.

குழந்தைகளோடு பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். நாய்க்கூண்டுக் காட்சி ஒன்றே போதும், வீட்டு நாயை ஒரு மாதம் கிட்டே சேர்க்க மாட்டார்கள்.